சாமியான கோடரி, சாம்பலான ஓவியம்

ஏற்காட்டுக்குப் போகிறவர்களின் பட்டியல் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஏரியில் படகு சவாரி, லேடீஸ் சீட்டில் நின்று கீழே மின்னும் சேலத்து விளக்குகள், பகோடா பாயிண்டில் குடும்பத்தோடு ஒரு செல்ஃபி, இறங்கும்போது காபித்தூளும் மிளகும். நேரம் மிச்சம் இருந்தால்தான் வண்டி சேர்வராயன் கோயில் பக்கம் திரும்பும்.

கடல் மட்டத்திலிருந்து 5,326 அடி உயரம். மலை உச்சி என்றால் கூம்பாக இருக்கும் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு அங்கே மைதானம்போலப் பரந்த ஒரு சமதளம் காத்திருக்கும். அங்கே இருக்கும் குறுகலான, இருட்டான குகைதான் கோயில். உள்ளே சேர்வராயரும் காவிரி அம்மனும். ஒருவர் மலை, இன்னொருவர் ஆறு. குகை உள்ளுக்குள்ளேயே நீண்டுபோய்க் காவிரியைத் தொடுகிறது என்பது உள்ளூர் மக்களின் நம்பிக்கை. மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றியுள்ள மலைக் கிராமங்கள் எல்லாம் அங்கே கூடிவிடும்.

இந்த மலையின் மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்து மலையாளிகள் அல்லர். தமிழ் பேசும் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து கரிராமன் என்ற சாமியைச் சுமந்துகொண்டு மூன்று அண்ணன் தம்பிகள் வந்தார்களாம். பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் தங்கிவிட்டார்கள் என்பது அவர்கள் சொல்லும் பூர்விகக் கதை. மலைக்கும் கல்லுக்கும் ஆற்றுக்கும் ஒரு கதை இருந்தால்தான் அது நம்முடையது என்ற உணர்வு வரும். எழுத்து வருவதற்கு முன்பே மனிதன் இதைப் புரிந்துகொண்டிருக்கிறான்.

ஏர் முனையில் வந்த சாமி

சேர்வராயன் மலையில் இன்னொரு அதிசயம் இருக்கிறது. சுற்றுலாப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

மலைச்சரிவில் உழும்போதும் காபித் தோட்டத்துக்குக் குழி தோண்டும்போதும் சில கற்கள் கிடைப்பது உண்டு. உள்ளங்கையில் அடங்கும் அளவு. ஒரு முனை கூர்மை, மறுமுனை மழுங்கல். தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாக்கியது கண்கூடாகத் தெரியும். புதிய கற்கால மனிதர்கள் செய்த கற்கோடரிகள் அவை. மூவாயிரம், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் இந்தக் காட்டைத் திருத்திக் கொல்லை போட்டவர்களின் கருவி.

கண்டெடுத்த மலை மக்களுக்குக் கற்காலம் என்ற சொல் தெரியாது. ஆனால், இது சாதாரணக் கல் இல்லை என்று கைக்குத் தெரிந்துவிட்டது. அதனால் தூக்கி எறியவில்லை. ஊர்க் கோயிலில் கொண்டுபோய் வைத்து, சாமி என்று கும்பிட்டார்கள். மரம் வெட்டிய கோடரி, பல தலைமுறை தாண்டி, பூவும் பொட்டும் வைத்த தெய்வமாகிவிட்டது.

இதைக் கவனித்து எழுதிவைத்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே 30 அன்று சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் ஒரு பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்லியலுக்குப் பிள்ளையார் சுழி போட்ட நிலவியலாளர் அவர்தான். கடைசிக் காலத்தில் ஏற்காட்டைத்தான் தன் ஊராக்கிக்கொண்டார். அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கற்கருவிகள் 1904-இல் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. 1912-இல் அவர் இறந்தார். அவருடைய நினைவுச் சின்னம் ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. ஏரியிலிருந்து வெகு தூரமில்லை.

மண்ணில் கிடைத்த கோடரியைச் சாமியாக்கும் வழக்கம் இந்த மலைக்கு மட்டும் சொந்தமில்லை. ஐரோப்பாவிலும் உழவர்கள் இதே கற்கோடரிகளைக் கண்டெடுத்தார்கள். வானத்திலிருந்து இடி விழும்போது மண்ணில் இறங்கிய கல் என்று நம்பினார்கள். ஜெர்மனியில் இதை இடிக்கல் என்று அழைத்து, வீட்டின் கூரையில் செருகி வைத்தார்கள். ஒருமுறை இடி விழுந்த கல் இருக்கும் வீட்டில் மறுபடி இடி விழாது என்பது நம்பிக்கை.

அந்த ஜெர்மனியில் பிறந்த ஓவியர் ஒருவர், தன் 74-ஆவது வயதில் கேன்வாஸில் நிஜமான கோடரிகளையே பதித்துக் காட்சிக்கு வைத்தார். ஓவியத்தில் எதற்குக் கோடரி? வண்ணத்தில் வரைந்தால் போதாதா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் சேர்வராயன் மலைக் கோயில்களும் இன்னும் கொஞ்சம் புரியும்.

இடிபாடுகளே விளையாட்டுச் சாமான்

அவர் பெயர் அன்செல்ம் கீஃபர். உயிரோடிருக்கும் ஓவியர்களில் உலகம் முழுக்கப் பேசப்படுகிறவர். 1945 மார்ச் 8 அன்று, இரண்டாம் உலகப் போர் முடிய இரண்டே மாதங்கள் இருந்தபோது, டான்யூப் ஆறு தொடங்கும் டோனௌஷிங்கன் என்ற சிற்றூரில் பிறந்தார். ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்கள் அவை.

போர் முடிந்த ஜெர்மனியில் குழந்தைகளுக்குப் பொம்மை வாங்கிக் கொடுக்க யாரிடமும் காசு இல்லை. ஆனால், இடிந்த வீடுகள் ஏராளம். அந்தச் செங்கற்களை எடுத்து அடுக்கி வீடு கட்டி விளையாடிய சிறுவன்தான் கீஃபர். நமக்கு இடிபாடு என்றால் முடிவு. அவருக்கு அது தொடக்கம். பின்னாளில் அவர் செய்த ஒவ்வொன்றிலும் அந்தச் செங்கல் விளையாட்டின் சாயல் உண்டு.

1990-களில் அவர் இந்தியாவுக்கும் வந்தார். தாஜ்மகாலை விட அவரை அதிகம் இழுத்தவை செங்கல் சூளைகள். மண்ணைப் பிசைந்து, அச்சில் வார்த்து, வெயிலில் காயவைத்து, அடுக்கி, தீ மூட்டும் அந்த வேலையைப் படம் படமாக எடுத்துக்கொண்டு போனார். அதன்பின் வந்த அவருடைய பெரிய ஓவியங்களில் செங்கல் அடுக்குகள் பிரமிடுகளாக எழுந்து நின்றன. படிப்படியாகக் கரைந்து மண்ணோடு மண்ணாகும் பிரமிடுகள். மழைக்காலத்தில் நனைந்த சூளையைப் பார்த்தவர்களுக்கு இதில் விளக்கம் தேவைப்படாது.

அப்பாவின் சீருடை

கீஃபர் வளர்ந்த காலத்து ஜெர்மன் வீடுகளில் ஒரு விநோதமான மௌனம் இருந்தது. ஹிட்லர் ஆட்சியில் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். ஆனால், அப்பா போரில் என்ன செய்தார், பக்கத்து வீட்டு யூதக் குடும்பம் எங்கே போனது என்று சாப்பாட்டு மேசையில் யாரும் கேட்கக் கூடாது. பள்ளியிலும் அந்தப் பாடம் சுருக்கமாகவே முடிந்துபோகும். நாடு புதிய கட்டடங்களை எழுப்பி, புதிய வண்ணம் பூசி, பழசை மறந்துவிடலாம் என்று நினைத்தது.

1969-இல், 24 வயது மாணவராக இருந்த கீஃபர் ஒரு காரியம் செய்தார். ராணுவத்தில் அதிகாரியாக இருந்த அப்பாவின் பழைய சீருடையை எடுத்து மாட்டிக்கொண்டார். சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், இத்தாலி என்று ஊர் ஊராகப் போய், கடற்கரையிலும் நினைவுச் சின்னங்கள் முன்பும் தன்னந்தனியாக நின்று, தடை செய்யப்பட்ட நாஜி சல்யூட்டை அடித்துப் படம் எடுத்துக்கொண்டார். பிரம்மாண்டமான நிலக்காட்சி. நடுவில் சின்னஞ்சிறு உருவம். பார்த்தால் வீரமாகத் தெரியாது, கேலியாகத்தான் தெரியும்.

1975-இல் இந்தப் படங்கள் ஒரு கலை இதழில் வெளியானபோது பெரும் எதிர்ப்பு. இவனே நாஜியா என்று கேட்டவர்களும் உண்டு. அவர் கேட்ட கேள்வியோ வேறு. "அந்தக் காலத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்?" என்பதுதான் அது. அப்பாவைக் கூண்டில் ஏற்றுவது எளிது. அப்பாவின் சட்டையைத் தானே போட்டுப் பார்ப்பது கடினம்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. நாஜிகள் ஜெர்மனியின் பழங்கதைகளைத் திருடியிருந்தார்கள். காட்டு தெய்வங்கள், வீரர்கள், இடியின் கடவுள் எல்லாவற்றையும் தங்கள் கொடியில் கட்டிவிட்டார்கள். போருக்குப் பிறகு அந்தக் கதைகளைத் தொடவே எல்லோருக்கும் கூச்சம். பாட்டி சொன்ன கதையைக்கூடச் சொல்ல முடியாத நிலை. கீஃபர் அந்தக் கதைகளைத் திரும்ப எடுத்தார். பெருமை பேசுவதற்காக எடுக்கவில்லை. இந்தக் கதை எப்படி ஆயுதமானது என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்காக எடுத்தார்.

வைக்கோலும் சாம்பலும்

இந்த வேலைக்கு வண்ணக் குழம்பு மட்டும் போதவில்லை. 1980-களில் அவர் கேன்வாஸில் வைக்கோலை ஒட்டத் தொடங்கினார்.

பால் செலான் என்ற யூதக் கவிஞர், தன் பெற்றோரை நாஜிகளின் முகாம் கொடுமையில் இழந்தவர். அவருடைய புகழ்பெற்ற கவிதை ஒன்றில் இரண்டு பெண்கள் வருகிறார்கள். ஒருத்தி பொன்னிறக் கூந்தல் கொண்ட ஜெர்மானியப் பெண், மார்கரெத்தே. இன்னொருத்தி சாம்பல் நிறக் கூந்தல் கொண்ட யூதப் பெண், சுலமித். 1981-இல் கீஃபர் மார்கரெத்தேயை ஓவியமாக்கியபோது முகம் வரையவில்லை. வைக்கோலை நீள நீளமாக ஒட்டினார். 1983-இல் சுலமித் வந்தாள். அவளுக்கும் முகம் இல்லை. நாஜி வீரர்களுக்காகத் திட்டமிடப்பட்ட நினைவு மண்டபம் ஒன்றின் அமைப்பை அப்படியே எடுத்து, கரி படிந்த செங்கல் கூடமாக வரைந்து, தூரத்தில் சின்னதாகச் சில தீபங்கள் எரிய, அதை அவளுடைய நினைவிடமாக மாற்றிவிட்டார்.

வைக்கோல் எரிந்தால் சாம்பல். பொன்னிறக் கூந்தலும் சாம்பல் கூந்தலும் ஒரே பொருளின் இரண்டு நிலைகள். இதை விளக்க ஒரு வரிகூடத் தேவையில்லை. அறுப்பு முடிந்த வயலில் தாளைக் கொளுத்துவதைப் பார்த்த எவருக்கும் கண்ணாலேயே புரிந்துவிடும். பொருளே கதை சொல்லும் முறை இதுதான்.

அடுத்தது ஈயம். இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை தேவை. நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். கீஃபர் பயன்படுத்துவது காரீயம், நச்சுத்தன்மை உள்ளது. பழைய வீடு ஒன்றில் குழாய் பழுதானபோது இந்த உலோகத்தோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. பின்னர் புகழ்பெற்ற கொலோன் தேவாலயத்தின் கூரையைப் புதுப்பித்தபோது, அங்கே கழற்றிய பழைய ஈயத் தகடுகளை விலைக்கு வாங்கினார். நூற்றாண்டுகளின் மழையும் மணியோசையும் பட்ட தகடுகள்.

ஐரோப்பிய ரசவாதிகளுக்கு ஈயம் சனியின் உலோகம். நமக்குச் சனி என்றால் இரும்பு, அவர்களுக்கு ஈயம். தாழ்ந்த இந்த உலோகத்தைப் பொன்னாக மாற்றுவதே அவர்களின் கனவு. சித்தர்களின் ரசவாதக் கதைகளைக் கேட்டு வளர்ந்த தமிழர்களுக்கு இது புதிதல்ல. கீஃபர் இந்த ஈயத்தில் புத்தகங்கள் செய்தார். இரும்பு அலமாரிகளில் ஏறத்தாழ 200 ஈயப் புத்தகங்களை அடுக்கிய அவருடைய படைப்பு ஒன்று ஆஸ்லோவில் இருக்கிறது. ஒரு புத்தகத்தைத் தூக்கவே ஆட்கள் வேண்டும். வரலாறு எவ்வளவு கனம் என்பதை அவர் சொல்லவில்லை, தூக்கிப் பார்க்கச் சொல்கிறார்.

வயதான கைகளின் வேலை

கீஃபருக்கு இப்போது எண்பது வயது கடந்துவிட்டது. 1992-இல் பிரான்ஸின் தெற்கே பார்ஜாக் என்ற ஊரில் ஒரு பழைய பட்டு ஆலையை வாங்கி, 40 ஹெக்டேர் நிலத்தில் கோபுரங்களும் சுரங்கங்களுமாக ஓர் உலகத்தையே கட்டினார். பிறகு பாரிஸ் அருகே, ஒரு பெரிய துணிக்கடையின் கிடங்காக இருந்த கட்டடம் அவருடைய பட்டறையானது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அவர் சைக்கிளில்தான் போவார். இதையெல்லாம் விம் வெண்டர்ஸ் 2023-இல் முப்பரிமாணப் படமாகவே எடுத்திருக்கிறார். அவரும் 1945-இல் பிறந்தவர்தான். இரண்டு பேருமே இடிபாடுகளின் குழந்தைகள்.

அந்தப் படத்தில் கீஃபர் வேலை செய்வதைப் பார்த்தால் ஓவியக்கூடமா, லேத் பட்டறையா என்று சந்தேகம் வரும். ஒட்டிய வைக்கோலுக்குத் தீ வைக்கிறார். உதவியாளர் தண்ணீர் பீய்ச்சி அணைக்கிறார். உருக்கிய ஈயத்தை வாளியில் கொண்டுவந்து கேன்வாஸில் ஊற்றுகிறார். இறுகியதும் பிய்த்து எடுக்கிறார். எது ஒட்டிக்கொண்டதோ அது ஓவியம்.

பிற்கால ஓவியங்களில் புதிதாக ஒரு பச்சை வந்து சேர்ந்திருக்கிறது. செம்பை மின்பகுப்பில் போட்டால் அடியில் படியும் கசடு அது. கோயில் செப்புக் குடத்தில் படியும் களிம்பின் நிறம் என்றால் நமக்குச் சட்டென்று விளங்கும். அதன் பக்கத்திலேயே தங்கத் தகடு. களிம்பும் தங்கமும் ஒரே கேன்வாஸில். சிறுவயதில் கரியும் சாம்பலுமாக இருந்த உலகம், வயதான பிறகு கொஞ்சம் மின்னத் தொடங்கியிருக்கிறது. ஆனாலும் அந்தத் தங்கம் சுத்தமாக, தனியாக ஒருபோதும் வருவதில்லை. மண்ணோடும் துருவோடும்தான் வருகிறது.

2019 நவம்பரில் லண்டனின் ஒயிட் கியூப் காட்சிக்கூடத்தில் வைக்கப்பட்ட ஓவியங்களில்தான் அந்தக் கோடரிகள் இருந்தன. கோர்டியன் முடிச்சு என்பது பழைய கிரேக்கக் கதை. யாராலும் அவிழ்க்க முடியாத ஒரு முடிச்சு. அவிழ்ப்பவனே ஆசியாவை ஆள்வான் என்பது வாக்கு. அலெக்சாண்டர் வந்தான், பார்த்தான், வாளை உருவி ஒரே வெட்டாக வெட்டினான். பள்ளிக்கூடத்தில் இதைச் சாமர்த்தியம் என்று சொல்லித்தருவார்கள். கீஃபரின் ஓவியத்தில் வாளுக்குப் பதில் கோடரிகள். கருகிய கிளைகளும் வைக்கோலும் பரவிய வயலுக்கு நடுவே அவை பதிந்து நிற்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது சாமர்த்தியம் நினைவுக்கு வராது. பொறுமையாக அவிழ்க்க வேண்டிய ஒன்றை வெட்டிவிட்டால் மிஞ்சுவது என்ன என்ற கேள்விதான் வரும்.

வரைந்த கோடரி இந்தக் கேள்வியைக் கேட்காது. நிஜக் கோடரிக்குத்தான் அந்த உரிமை. யாரோ பிடித்த பிடி அதில் இருக்கிறது. எதையோ வெட்டிய முனை அதில் இருக்கிறது.

2022-இல் வெனிஸ் நகரின் டோஜ் அரண்மனை மண்டபம் ஒன்றின் சுவர்களைத் தன் ஓவியங்களால் மூடினார். 1577-இல் நடந்த தீ விபத்தில் பழைய ஓவியங்களைப் பறிகொடுத்த அதே மண்டபம். 2025-இல் எண்பதாவது பிறந்தநாளை ஒட்டி ஆம்ஸ்டர்டாமில் வான்கோ அருங்காட்சியகமும் ஸ்டெடலைக் அருங்காட்சியகமும் சேர்ந்து அவருக்குக் கண்காட்சி வைத்தன. பூக்கள் எங்கே போயின என்று கேட்கும் போர் எதிர்ப்புப் பாடலின் பெயர்தான் கண்காட்சிக்கும். படிக்கட்டைச் சுற்றிய சுவர்கள் முழுக்கக் களிமண், தங்கம், காய்ந்த ரோஜா இதழ்கள், கூடவே சீருடைகள்.

1969-இல் அப்பாவின் சீருடையை மாட்டிக்கொண்டு நின்ற இளைஞன், 56 ஆண்டுகள் கழித்தும் சீருடையை விடவில்லை. ஆனால், இப்போது அதற்குள் யாரும் இல்லை. மண் பூசிக்கொண்டு சுவரில் தொங்குகிறது. அதைச் சுற்றிப் பூவிதழ்கள். யாரையோ அடக்கம் செய்த இடத்தில் தூவுவதுபோல.

மழை செய்கிற வேலை

கீஃபர் தன் ஓவியங்களை முடித்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதில்லை. சிலவற்றை வெயிலிலும் மழையிலும் வெளியே போட்டுவிடுகிறார். வண்ணம் வெடிக்கட்டும், துரு ஏறட்டும், வைக்கோல் உதிரட்டும். பாதுகாக்க வேண்டிய அருங்காட்சியகக்காரர்களுக்கு இது தலைவலி. அவருக்கோ காலமும் ஓர் உதவியாளர்.

இதைப் புரிந்துகொள்ள மறுபடி ஏற்காட்டுக்கு வரலாம். சேர்வராயன் மலையின் உடம்பு சார்னோகைட் என்ற கெட்டியான பாறை. சென்னை பல்லாவரத்துப் பாறையும் இதே இனம்தான். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்தக் கல்லை வைத்ததால் அவர் பெயரே பாறைக்கு வந்துவிட்டது. இந்தப் பாறையின் மேல் லட்சக்கணக்கான ஆண்டுகள் மழை பெய்தது. மணற்சத்தை நீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. அலுமினியச் சத்து மட்டும் உச்சியில் தங்கி, சிவந்த தொப்பி மாதிரி இறுகிவிட்டது. அதுதான் பாக்சைட்.

அந்தச் சிவப்பு மண்ணை வெட்டி எடுத்து, மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரி லாரியாகக் கொண்டுபோன காலமும் உண்டு. ஆக, ஒரே மலை ஒருவருக்குச் சாமி, ஒருவருக்குக் காபித் தோட்டம், ஒருவருக்குக் கோடரி செய்ய ஏற்ற இடம், ஒருவருக்கு அலுமினியம். மண் ஒன்றுதான். அதன் மேல் நாம் ஏற்றும் கதைதான் வேறு வேறு. எந்தக் கதையை ஏற்றுகிறோமோ, அதற்கேற்பத்தான் அந்த மலையை நடத்துகிறோம். கும்பிடுகிறோம், வெட்டுகிறோம், மறந்துபோகிறோம்.

எல்லோருக்கும் பிடிக்குமா?

கீஃபரைக் கொண்டாடுகிறவர்கள் அளவுக்குச் சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. 1980 வெனிஸ் கண்காட்சியில் மேற்கு ஜெர்மனியின் சார்பில் அவருடைய படைப்புகள் வைக்கப்பட்டபோது, அவர் நாட்டு விமர்சகர்களே கடுமையாகச் சாடினார்கள். எதைச் செய்தாலும் பிரம்மாண்டமாகச் செய்கிறாரே, பிரம்மாண்டத்தில் மயங்கியதுதானே நாஜிகளின் நோய் என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இத்தாலியின் மிலன் நகரில் 2004-இல் அவர் எழுப்பிய ஏழு கான்கிரீட் கோபுரங்கள் ஒவ்வொன்றும் சுமார் 90 டன் எடை. துயரத்தைக் காட்ட இத்தனை டன் வேண்டுமா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. இத்தனை பெரிய பட்டறை, இத்தனை உதவியாளர்கள், கோடிகளில் விலை என்று வரும்போது சாம்பல்கூட ஆடம்பரப் பொருளாகிவிடுமோ என்ற அச்சமும் நியாயமானதுதான்.

ஆனால், அந்தக் கோபுரங்கள் நிமிர்ந்து நிற்பவை அல்ல. சற்றே கோணலாக, எப்போது வேண்டுமானாலும் சரியலாம் என்ற தோற்றத்தில் நிற்பவை. நாஜிகள் கட்ட நினைத்தது ஆயிரம் ஆண்டுகள் அசையாத ராஜ்ஜியம். கீஃபர் கட்டுவது கட்டும்போதே இடியத் தொடங்கும் கட்டடம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. தன் கதை அழியவே அழியாது என்று சொல்பவனிடம் பயப்பட வேண்டும். தன் படைப்பும் மண்ணாகும் என்று ஒப்புக்கொள்பவனோடு உட்கார்ந்து பேசலாம்.

வீட்டுக்குள் ஒரு கோடரி

ஜெர்மனியின் கதை நமக்கு எதற்கு என்று தோன்றலாம். நம் வீடுகளிலும் பேசப்படாத விஷயங்கள் உண்டு. 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் மிக மோசமாக அடிபட்டது. அந்தப் பஞ்சத்தில் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுடைய பேரப்பிள்ளைகள்தான் இன்று அந்தப் பக்கம் வாழ்கிறார்கள். எத்தனை வீட்டில் அந்தக் கதை தெரியும்? யார் பிழைத்தார்கள், யார் பிழைக்கவில்லை, யார் நிலம் யார் கைக்குப் போனது என்று கேட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

பேச்சு நின்றுபோன இடத்தில் பொருள் மட்டும் மிஞ்சும். கொல்லையில் கவிழ்த்து வைத்த உரல். மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் அம்மி. பரணில் களிம்பேறிய ஒரு செம்பு. எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாத ஒரு அரிவாள். வீடு மாறும்போது அவற்றை எடைக்குப் போடுகிறோம். அல்லது பாலிஷ் போட்டு, வார்னிஷ் அடித்து, வரவேற்பறையில் அலங்காரமாக வைக்கிறோம். இரண்டிலும் ஒரே விபத்துதான் நடக்கிறது. பொருள் இருக்கிறது, அதன் கதை போய்விடுகிறது. அந்த அம்மியில் எத்தனை பேருக்கு அரைத்தார்கள், அரைத்தவள் கடைசியாகச் சாப்பிட்டாளா, அவளுக்கு என்ன மிஞ்சியது என்பதெல்லாம் அந்தத் தேய்மானத்தில் இருக்கிறது. பளபளப்பாக்கினால் தேய்மானம் போய்விடும்.

பழம்பெருமைக் கதையை மட்டும் வைத்துக்கொண்டு, வலியின் கதையைக் கழித்துவிட்டால், அந்தக் கதை யார் கையில் வேண்டுமானாலும் ஆயுதமாகும். ஜெர்மனிக்கு அதுதான் நடந்தது. கீஃபர் பல ஆண்டுகளாக வைக்கோலையும் ஈயத்தையும் வைத்துச் சொல்லிக்கொண்டிருப்பதும் அதைத்தான்.

சேர்வராயன் மலை மக்கள் அந்தக் கற்கோடரியைக் கண்டபோது செய்த காரியம் எளிமையானது. அதைப் புதிதாக்கவில்லை. வண்ணம் பூசவில்லை. தேய்ந்த கல்லைத் தேய்ந்தபடியே கொண்டுபோய், எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைத்தார்கள். செய்தவன் யார் என்று தெரியாமல் போனாலும், யாரோ ஒருவனின் உழைப்பு அதில் இருக்கிறது என்ற மரியாதை போகவில்லை.

அடுத்த முறை ஏற்காடு போகும்போது, காட்டோரக் கோயிலில் மஞ்சள் குங்குமத்தோடு வழுவழுப்பான ஒரு சின்னக் கல் கண்ணில் படலாம். தொட்டு எடுக்க வேண்டாம். அது அந்த ஊரின் சாமி. தோட்டத்திலோ கொல்லையிலோ அப்படி ஒன்று புதிதாகக் கிடைத்தால் பைக்குள் போட்டுக்கொள்ளாமல், சேலம் அரசு அருங்காட்சியகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். கல் கிடைத்த இடம் தெரிந்தால்தான் அதன் கதையும் கிடைக்கும்.

வீடு திரும்பியதும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பரணில் இருக்கும் அந்தச் செம்பை இறக்கி, பாட்டியின் கையில் கொடுங்கள். களிம்பைத் தேய்க்கும் முன் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பாட்டி பேச்சை மாற்றினால் அவசரப்படாதீர்கள். கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.